மாமரத்தை வெட்டும் முன்: கழலை ஈக்களைப் பற்றி ஒரு பேச்சு

(தாயில்பட்டியில் நடந்த நமது குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், நம்முடன் வசிக்கும் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. பி பிளாக் பக்கமுள்ள இரண்டு மாமரங்களை வெட்டுவது, வளாகம் முழுவதும் மாதம் ஒருமுறை பூச்சிமருந்து அடிக்க ஒப்பந்தம் போடுவது என்ற இரண்டு தீர்மானங்கள் அன்று நிகழ்ச்சி நிரலில் இருந்தன. வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் உரையை முழுமையாக வெளியிடுகிறோம்.)



புகார்ப் புத்தகத்தில் மூன்று புகார்கள் இருப்பதாகச் செயலாளர் காட்டினார். ஒன்று, மாமரத்து இலை முழுக்க மரு மருவாகப் புடைத்திருக்கிறது, மரத்துக்கு ஏதோ நோய். இரண்டு, பால்கனியிலும் மொட்டைமாடியிலும் வைத்திருக்கிற மல்லிகையில் மொட்டு ஊதாநிறமாகி உதிர்கிறது. மூன்று, சாயங்காலம் விளக்கைச் சுற்றிக் குட்டிக் கொசு மாதிரி ஏதோ பறக்கிறது, அது மாமரத்திலிருந்துதான் வருகிறது.

முதல் இரண்டுக்கும் காரணம் ஒரே குடும்பத்துப் பூச்சிகள். ஆனால் அவற்றின் பிழைப்பு வேறு வேறு, அதனால் வைத்தியமும் வேறு வேறு. மூன்றாவது புகாரில் உங்களைக் கடிப்பது எதுவாக இருந்தாலும், அது இந்தக் குடும்பத்துப் பூச்சி இல்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: பூச்சியின் பெயர் தெரிந்தால் அதன் பிழைப்பு தெரியும். பிழைப்பு தெரிந்தால் எங்கே, எப்போது கை வைக்க வேண்டும் என்பது தெரியும். இரண்டும் தெரியாமல் அடிக்கிற மருந்து காசுக்கும் கேடு, நமக்கும் கேடு.

காய் அல்லாத காய்

பிள்ளை பெற்ற வீடுகளில் உரைமருந்துப் பெட்டி இருக்கும். வசம்பு, சுக்கு, சாதிக்காய், கடுக்காய், மாசிக்காய். இதில் மாசிக்காய் எந்த மரத்தில் காய்க்கிறது என்று கேட்டால் நாட்டு மருந்துக்கடைக்காரர்கூட யோசிப்பார். அது காயே இல்லை. மேற்கு ஆசியப் பக்கத்துக் கருவாலி மரத்தின் கிளையில் ஒரு சின்னக் குளவி முட்டையிடுகிறது. அந்த இடத்தில் மரம் உருண்டையாக வளர்த்துக் கொடுக்கிற கழலைதான் மாசிக்காய். உள்ளே குளவியின் புழு வளரும். கடையில் வாங்கும் மாசிக்காயில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால், குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டார் என்று அர்த்தம். 'கடுக்காய்ப்பூ' என்று விற்பதும் பூ இல்லை. கடுக்காய் மரத்தில் பூச்சியால் உண்டாகும் கழலைதான் அதுவும்.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதுகிற மை இந்தக் கருவாலிக் கழலையில்தான் தயாரானது. 1786-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஷீலே என்ற வேதியியலாளர் அதிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். கழலையிலிருந்து வந்ததால் காலிக் அமிலம் என்று பெயர். நம் ஊர்த் தொழிலுக்கும் அதற்கும் ஓர் உறவு உண்டு. விசில் ஓசையோடு பாயும் வாணங்களில் ஒரு காலத்தில் இந்த அமிலம் பயன்பட்டது. பின்னால் வேறு பொருள்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

ஆக, கழலை என்பது அழுகல் இல்லை, தொற்றும் இல்லை. பூச்சி கேட்டபடி செடி கட்டிக்கொடுக்கிற வீடு. புழுவின் எச்சிலில் உள்ள பொருள்கள் செடியின் செல்களைத் தூண்டுகின்றன. அவை வழக்கத்துக்கு மாறாகப் பெருகுகின்றன, உள்சுவரில் சத்துள்ள மெல்லிய திசு உருவாகிறது. புழுவுக்கு வீடும் அதுதான், சோறும் அதுதான். குளவி, ஈ, இலைப்பேன், செடிப்பேன், சிலந்தியினத்துப் பேன் என்று பல வகை உயிர்கள் கழலை உண்டாக்கும். இவற்றில் ஈ வகைதான் நம் மாமரத்துக்காரர்.

கொசுவுக்கு உறவு, ஆனால் கடிக்காது

இந்த ஈக்களின் குடும்பத்துக்கு அறிவியலில் செசிடோமையிடே என்று பெயர். கிரேக்க மொழியில் கழலை, ஈ என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தது. நாம் கழலை ஈ என்றே சொல்லிக்கொள்வோம். கொசுவும் வீட்டு ஈயும் சேர்ந்த இருசிறகிகள் வரிசையில்தான் இதுவும் வருகிறது. பார்வைக்குக் கொசுவின் குட்டித் தம்பி. பெரும்பாலும் 2, 3 மில்லிமீட்டர்தான் நீளம். நீண்ட மெல்லிய கால்கள், மணி கோத்த மாதிரி உணர்கொம்பு, இறக்கையில் ஒன்றிரண்டு நரம்புகள் மட்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த மணிகளைச் சுற்றி நூல்வளையம் மாதிரி ஓர் அமைப்பு தெரியும். வேறெந்த ஈக் குடும்பத்துக்கும் இது கிடையாது. புழுவுக்கும் ஓர் அடையாளம் உண்டு. வளர்ந்த புழுவின் மார்புக்கு அடியில் பழுப்புநிறத்தில் ஒரு சின்னக் கரண்டி இருக்கும். திசுவைக் குடையவும் மண்ணைத் தோண்டவும் அதுதான் மண்வெட்டி.

வளர்ந்த ஈ பெரும்பாலும் ஒருநாள், இரண்டுநாள்தான் உயிரோடிருக்கும். இணை சேர வேண்டும், முட்டையிட வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. ரத்தம் குடிக்காது. நம்மைக் கடிக்கிற கொசு தேங்கிய தண்ணீரில் பிறந்தது. அதற்கு மாமரத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

பெயர் வைக்கப்பட்ட கழலை ஈ இனங்கள் உலகில் 6,000-க்கு மேல். பெயர் வைக்காதவை எவ்வளவு? கனடாவில் பத்து லட்சம் பூச்சிகளின் மரபணுக் குறியீட்டைப் படித்த ஆய்வு ஒன்று 2016-ல் வந்தது. அந்த ஒரு நாட்டிலேயே இந்தக் குடும்பத்தில் சுமார் 16,000 இனங்கள் இருக்கலாம் என்று அது கணக்கிட்டது. நம் ஜன்னலில் மோதுகிற ஈக்கு இன்னும் பெயரே இல்லாமல் இருக்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கிறேன்.

குடும்பத்தை ஆறு உட்குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள். அதில் ஐந்து பழைய கிளைகள். அவற்றின் புழுக்கள் மக்கிய இலையிலும் பட்டைக்கடியிலும் உள்ள பூஞ்சையைத் தின்று பிழைக்கும், நமக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அந்தப் பூஞ்சைக்காரர்களில் ஓர் அதிசயம் உண்டு. சில இனங்களில் புழு வளர்ந்து ஈயாவதற்கு முன்பே, புழுவாக இருக்கும்போதே வயிற்றுக்குள் குட்டிப்புழுக்களைப் பெற்றுவிடும். 1860-களில் ரஷ்யாவின் கசான் நகரத்தில் வாக்னர் என்பவர் இதைக் கண்டு சொன்னபோது பலர் நம்பவில்லை.

கழலை உண்டாக்குபவை எல்லாம் செசிடோமையினே என்ற ஆறாவது உட்குடும்பத்தில் இருக்கின்றன. அதே உட்குடும்பத்தில் செடியைத் தொடாமல் அசுவினியையும் செம்பேனையும் தின்கிற இனங்களும் உண்டு. அசுவினி தின்னும் ஒரு ஈயை வெளிநாடுகளில் வளர்த்து, பசுமைக் குடில் விவசாயிகளுக்கு விலைக்கே விற்கிறார்கள். ஒரே குடும்பத்தில் கொள்ளைக்காரனும் காவல்காரனும் இருப்பது மாதிரி. 'கழலை ஈயை ஒழி' என்று மொத்தமாகச் சொல்ல முடியாததற்கு முதல் காரணம் இது.

இந்தியாவில் இந்தத் துறையை வளர்த்தவர் மகாதேவ சுப்பிரமணிய மணி (1908–2003). ஆக்ராவில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பூச்சியியல் பள்ளியை உருவாக்கியவர். 1964-ல் தாவரக் கழலைகளின் சூழலியல் பற்றியும், 1973-ல் இந்தியத் தாவரக் கழலைகள் பற்றியும் அவர் எழுதிய ஆங்கில நூல்கள் இன்றும் கையேடுகள். நம் முருங்கையில் பூமொட்டைக் கெடுக்கும் ஈக்கு ஸ்டிக்டோடிப்லோசிஸ் மொரிங்கே மணி என்று பெயர். கடைசியில் வருகிற 'மணி', அதற்குப் பெயர் வைத்தவர்.

வயலில் கற்ற பாடம்

நமக்கு மாவிலைதான் கவலை. ஆனால் இந்த ஈ வயலில் வந்தால் குடும்பமே பட்டினி. வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் நெல் போட்ட வீட்டுக்காரர்கள் இங்கே இருப்பீர்கள். ஆனைக்கொம்பன் என்றால் உங்களுக்குத் தெரியும். நெல் தூரில் இலை வரவேண்டிய இடத்தில் வெங்காயத்தாள் மாதிரி, வெள்ளிநிறக் குழல் ஒன்று நீண்டு நிற்கும். யானைத் தந்தம் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். அந்தத் தூரில் இனி கதிர் வராது. இந்த ஈயை 1889-ல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் வுட்-மேசன் அறிவியலில் பதிவு செய்தார். இப்போதைய பெயர் ஒர்சியோலியா ஒரைசே. எனக்குக் கேட்டால் ஆனைக்கொம்பன் என்ற பெயரே போதும், பார்த்தவுடன் அடையாளம் தெரிகிறது.

அதன் பிழைப்பைக் கேளுங்கள். ஈ இலையில் முட்டை வைக்கிறது. மூன்று நான்கு நாளில் பொரித்த புழு, இலையிலுள்ள பனியீரத்தில் வழுக்கிக்கொண்டு தூரின் குருத்துக்குப் போய்ச் சேர்கிறது. ஈரம் இல்லையென்றால் வழியிலேயே காய்ந்துவிடும். மேகமூட்டமும் தூறலும் உள்ள நாட்களில் ஆனைக்கொம்பன் பெருகுவதன் ரகசியம் இது. குருத்தில் இரண்டு, மூன்று வாரம் தின்று கூட்டுப்புழுவாகி, முதுகு முட்களால் குழலுக்குள் ஏறி, நுனியில் ஓட்டை போட்டு வெளியே வருகிறது. வெள்ளிக்குழல் நம் கண்ணில் படுகிற நேரத்தில் சேதம் முடிந்துவிட்டது. அதன் பிறகு அடிக்கிற மருந்து அந்தத் தூரைக் காப்பாற்றாது.

அதனால்தான் அறிவாளிகள் மருந்தை நம்பாமல் ரகத்தை நம்பினார்கள். மதுரை வேளாண்மைக் கல்லூரியின் எம்.டி.யு. 3 இந்த ஈயைத் தாங்குகிற ரகம். எதிர்ப்புள்ள பல ரகங்களில், புழு கடித்த இடத்துச் செல்கள் தாங்களே செத்துப் புழுவைப் பட்டினி போடும். ஈயும் சும்மா இருப்பதில்லை. இந்தியாவில் இதுவரை ஏழு உயிர்வகைகள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. ஒரு வகை தொட முடியாத நெல்லை இன்னொரு வகை தின்றுவிடும்.

நம் கரிசலில் சோளம், கம்பு. சோளம் பூக்கும்போது ஒரு கழலை ஈ பூவுக்குள் முட்டை வைக்கும். புழு மணியை உறிஞ்சிவிடும், கதிர் பார்க்க நன்றாக இருந்தும் கையில் பதர்தான் வரும். அந்த ஈக்குப் பூத்த கதிர் வேண்டும். ஊரே ஒரு சேர விதைத்தால் எல்லாக் கதிரும் ஒரே சமயத்தில் பூக்கும், ஈக்கு அடுத்த தலைமுறைக்குப் பூ கிடைக்காது. ஆளுக்கொரு தேதியில் விதைத்தால், முதலில் பூத்த வயல் கடைசியில் பூக்கிற வயலுக்குப் பூச்சியை வளர்த்துக் கொடுக்கும். அமெரிக்காவில் கோதுமையைக் கெடுத்த ஹெஸ்ஸியன் ஈயும் இதே குடும்பம். அதற்குப் பயந்து 1788-ல் பிரிட்டன் அமெரிக்கக் கோதுமையையே தடுத்து நிறுத்தியது. விவசாயிகள் கண்ட வழியோ எளிமையானது. குளிர் வந்து ஈ செத்த பிறகு விதைத்தார்கள். காசில்லாத வைத்தியம், ஆனால் பூச்சியின் நாட்காட்டி தெரிந்திருக்க வேண்டும்.

நம் வளாகத்தில்

இப்போது மாமரத்துக்கு வருவோம். இலையில் மிளகளவு மரு போட்டிருப்பது ப்ரோகான்டரினியா என்ற பேரினத்து ஈ. இந்தப் பேரினத்தில் பத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு, மாமரத்தை நம்பியே பிழைப்பவை. இது செந்தளிரில் மட்டும்தான் முட்டை வைக்கும். முற்றிய இலையை அதனால் தொட முடியாது. நீங்கள் இப்போது பார்க்கும் மரு, இலை தளிராக இருந்தபோது போட்ட கணக்கு. பல மருவில் ஓட்டை இருக்கிறது, வீடு காலி. மருவுள்ள இலையும் பச்சையாகத்தான் இருக்கிறது, சமைத்துக்கொண்டுதான் இருக்கிறது. மிகக் கடுமையாகத் தாக்கினால் இலை முன்னதாக உதிரும். வளர்ந்த மரம் தாங்கிக்கொள்ளும். இதற்காக மரத்தை வெட்டுவது, முகத்தில் மரு வந்ததற்குத் தலையை எடுப்பது மாதிரி.

கவனிக்க வேண்டியது வேறொரு மா ஈ, பூங்கொத்து ஈ. பூங்கொத்துத் தண்டிலும் பிஞ்சிலும் புகும். தண்டு அந்த இடத்தில் வளைந்து கறுக்கும். இதன் புழு வளர்ந்ததும் தரையில் விழுந்து மண்ணுக்குள் போய் அடுத்த பூப்பருவம்வரை தூங்கும். ஆகவே இதற்கு மருத்துவம் மரத்தின் உச்சியில் இல்லை, மரத்தடியில் இருக்கிறது. மார்கழிக்கு முன் மரத்தடி மண்ணைக் கொத்திவிட்டால் வெயிலும் எறும்பும் மைனாவும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மல்லிகைக்கு வருவோம். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, நம் விருதுநகர் மாவட்டமும் அதில் சேர்ந்தது. அந்தப் பூவைக் கெடுக்கும் மொட்டு ஈக்குக் கான்டரினியா மாக்குலிபென்னிஸ் என்று பெயர். மொட்டின் அடி வீங்கும், ஊதாநிறமாகும், விரியாமல் உதிரும். பிரித்துப் பார்த்தால் நெளிகிற சின்னஞ்சிறு புழுக்கள் பல இருக்கும். ஒரே ஒரு பச்சைப் புழு, மொட்டில் ஓட்டை, நூலாம்படை என்று இருந்தால் அது மொட்டுப்புழு, அந்துப்பூச்சியின் பிள்ளை, வேறு கதை. மொட்டு ஈயின் புழு ஒரு வாரத்துக்குள் வளர்ந்து, மொட்டிலிருந்து துள்ளி மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து ஈ வரை ஏறக்குறைய 3, 4 வாரம்.

இந்தக் கணக்கே மருந்துச் சீட்டு. நான்கு வாரம் விடாமல், கெட்ட மொட்டையும் உதிர்ந்த மொட்டையும் தினமும் பொறுக்குங்கள். திறந்த கூடையில் போடாதீர்கள், புழு துள்ளித் தப்பிவிடும். பையில் போட்டு இறுகக் கட்டி இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். தொட்டி மண்ணை மேலாகக் கிளறி, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு போடுங்கள். ஆனால் ஒரு வீடு செய்து பக்கத்து வீடு செய்யாவிட்டால் பலனில்லை. சோளத்துக்கு ஊர் கூடி விதைத்த மாதிரி, மல்லிகைக்கு மாடி கூடிப் பொறுக்க வேண்டும்.

கேட்டுக்குப் பக்கத்துப் புங்கை இலையில் விரல்விரலாக நிற்பதையும் சிலர் ஈ என்று எழுதியிருக்கிறார்கள். அது பூச்சியே இல்லை. கண்ணுக்குத் தெரியாத, நான்கே கால் உள்ள பேன். புங்கை அதோடு காலங்காலமாக வாழ்கிறது.

மருந்து யாரைக் கொல்லும்?

மாதம் ஒருமுறை தெளித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். புழு கழலைக்குள் இருக்கிறது, மருந்து படாது. கூட்டுப்புழு மண்ணுக்குள் இருக்கிறது, படாது. ஈ இரண்டு நாள் பறக்கிறது. மீதி 28 நாள் மருந்து யார் மேல் படுகிறது? ஒட்டுண்ணிக் குளவி மேல், சிலந்தி மேல், முருங்கைப் பூவுக்கு வரும் தேனீ மேல்.

ஒட்டுண்ணிக் குளவி என்றால் என்னவென்று ஆனைக்கொம்பனில் பாருங்கள். பிளாட்டிகாஸ்டர் ஒரைசே என்ற கறுப்புக் குளவி, எறும்பைவிடச் சிறியது. ஈயின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கிறது. ஈப்புழு பொரித்து வளரும்போது உள்ளே குளவியின் ஒரு முட்டை பல குளவிகளாகப் பிரிந்து வளர்கிறது. கடைசியில் புழுவின் தோல், குளவிக்கூடுகளை அடைத்த பை ஆகிவிடும். இந்தக் குளவி தங்கிய வெள்ளிக்குழல்களைக் கொண்டுவந்து வயலில் வைக்கும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. மாவிலை மருவுக்குள்ளும் இப்படிப்பட்ட குளவிகள் வாழ்கின்றன. காவல்காரரைக் கொன்றுவிட்டுத் திருடனைப் பூட்டிய அறைக்குள் பத்திரமாக விட்டுவைப்பதுதான் மாதாந்திரத் தெளிப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மில் பாதிப் பேரின் குடும்பத்தில் பட்டாசுத் தொழில் உண்டு. எந்த வேதிப்பொருளை எதோடு வைக்கக் கூடாது, வீட்டில் எதை வைக்கவே கூடாது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொழிலில் இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கும் நாம், பிள்ளைகள் விளையாடுகிற இடத்திலும் துணி காய்கிற கொடியிலும் கீழ்நிலைத் தொட்டி மூடியிலும் மாதாமாதம் மருந்து விழச் சம்மதிக்கலாமா?

என் வேண்டுகோள் மூன்று. மரத்தை வெட்டும் தீர்மானத்தைக் கைவிடுங்கள். மருந்து ஒப்பந்தத்துக்கு ஒதுக்கிய பணத்தில் தோட்டக்காரருக்குக் கூடுதல் நாள் கூலி கொடுத்து மரத்தடியைக் கொத்தவும் உதிர்ந்ததைக் கூட்டவும் சொல்லுங்கள். மல்லிகை வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒரே தேதியில் தொடங்கி நான்கு வாரம் மொட்டுப் பொறுக்குங்கள். பூப்பருவம் முடிந்த பிறகும் மாமரம் காய்க்கவில்லையென்றால் அப்போது உட்கார்ந்து பேசுவோம்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

மரு உள்ள மரத்துப் பழத்தைப் பிள்ளைகள் சாப்பிடலாமா? தாராளமாக. இலையில் இருக்கும் ஈ பழத்துக்குள் போவதில்லை. பழத்துக்குள் புழு வைப்பது பழ ஈ, அது வேறு குடும்பம். மாவிலைத் தோரணத்துக்கும் தடையில்லை, பார்வைக்கு நல்ல இலையாகப் பறித்துக்கொள்ளுங்கள்.

மரு உள்ள இலைகளைக் கிள்ளி எறிந்தால்? செடி சிறியதாக, தொட்டியில் இருந்தால் கிள்ளலாம், ஓட்டை விழாத மருவுள்ள இலைகளை மட்டும். பெரிய மரத்தில் அதைச் செய்ய ஏணி ஏறுவது ஈயைவிட ஆபத்து.

அப்படியானால் விளக்கடியில் கடிப்பது எது? கொசுதான் அண்ணாச்சி. ஏசி தண்ணீர் விழுகிற வாளி, பூந்தொட்டித் தட்டு, மூடாத தொட்டி மூன்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்தோ மூடியோ வையுங்கள். அதற்கும் மாமரம் பதில் சொல்லாது.

(இரண்டு தீர்மானங்களும் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டன. மல்லிகை மொட்டுப் பொறுக்கும் நான்கு வாரத்துக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் சங்க அலுவலக நோட்டில் எழுதவும். இதுவரை 14 வீடுகள் எழுதியுள்ளன.)